ஆளில்லாத கடையில் டீ ஆற்றுபவர்கள்



மலரைப் புரட்டிக்கொண்டே வந்தவர்கள் இந்தத் தலைப்பைப் பார்த்து, "கேண்டீனைப் பத்தி ஏதோ எழுதியிருக்கான்" என்று நினைத்திருந்தால் மன்னிக்கவும். (கேண்டீன் டீயைப் பற்றி எழுத இந்த மலரில் பக்கம் போதாது!) இது வேறு கடை. இன்டர்நெட்டில் தினமும் லைவ் போட்டு, ஒருவர்கூடப் பார்க்காமல், தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கும் மனிதர்களைப் பற்றிய கட்டுரை. அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது, ஏன் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

என் அறைத்தோழனின் கடை

விடுதியில் என் அறைத்தோழன் ஒருவன் போன வருடம் திடீரென்று ஒரு காரியம் ஆரம்பித்தான். ராத்திரி மெஸ் முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் மேல் நாலு ரெக்கார்டு நோட்டு, அதற்கு மேல் செல்போன். எதிரே பிரெட் போர்டு, 555 டைமர் ஐ.சி., நாலைந்து எல்.இ.டி. "வணக்கம் நண்பர்களே, இன்னிக்கு நாம ஒரு பிளிங்கர் சர்க்யூட் போடப் போறோம்..." என்று யூடியூப் லைவில் பேசத் தொடங்குவான்.

செல்போனிலிருந்து யூடியூபில் லைவ் போக வேண்டுமென்றால் குறைந்தது 50 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். வகுப்பு வகுப்பாகப் போய்க் கெஞ்சி 50 பேரைச் சேர்த்தான். 50 பேரும் சப்ஸ்கிரைப் செய்தார்கள். ஆனால் ஒருவரும் பார்க்க வரவில்லை. திரை மூலையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் இடத்தில் எப்போதும் 0. சில நாள் 1. அந்த 1, இன்னொரு போனில் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அவனேதான்!

ஒருநாள் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தபோது நான்தான் கேட்டேன்: "ஏண்டா, ஆளில்லாத கடையில யாருக்குடா டீ ஆத்துற?" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்த வாரத்தோடு ஸ்டூல் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அப்போது எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனபோதுதான் உறைத்தது. வீட்டில் தாத்தாவின் பழைய வால்வு ரேடியோ ஒன்று உண்டு. ஆன் செய்தால் பாட்டைவிட "உம்ம்ம்" என்ற இரைச்சல்தான் அதிகம். யூடியூபில் 'பழைய ரேடியோ ரிப்பேர்' என்று தேடிக்கொண்டிருந்தவன், ஃபில்டரில் கை தவறி 'லைவ்' என்பதை அழுத்திவிட்டேன். ஒரு மெக்கானிக். அப்பா வயது இருக்கும். மேசை மேல் திறந்து கிடக்கும் ஒரு ரேடியோ. பார்ப்பவர் எண்ணிக்கை 1. அது நான்!

"வணக்கம் அண்ணே. எங்க தாத்தா ரேடியோவுல உம்முனு சத்தம் வருது" என்று டைப் செய்தேன். பதில் இல்லை. சரி, கிளம்பலாம் என்று நினைக்கும்போது அவர் நிமிர்ந்தார். "வாங்க தம்பி! ஃபில்டர் கெபாசிட்டர் காஞ்சு போயிருக்கும். இருங்க, காட்டுறேன்" என்று சொல்லி, தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு, கழற்றிய ஒரு பழைய கெபாசிட்டரை கேமராவுக்கு அருகில் கொண்டுவந்து காட்டினார். "ஆஃப் பண்ணுனாலும் உள்ள சார்ஜ் நிக்கும். டிஸ்சார்ஜ் பண்ணாம கையை வெச்சிடாதீங்க" என்று நாலு தரம் சொன்னார்.

50 ஹெர்ட்ஸ் ஏ.சி., ஃபுல் வேவ் ரெக்டிஃபையர், 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள்... கிராஃப் வரைந்து மார்க் வாங்கியவன்தான் நானும். அந்த ரிப்பிளுக்குக் காதில் கேட்கும் சத்தம் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கிளம்பும்போது, "போறீங்களா தம்பி? நாளைக்கும் இதே நேரம்தான்" என்றார். சாதாரண வார்த்தைதான். ஆனால் கட்டிலுக்கு அடியில் போன ஸ்டூல் ஞாபகம் வந்துவிட்டது. ஒரே ஒரு ஆள் வந்ததற்கு இவருக்கு இவ்வளவு சந்தோஷம் என்றால், ஒரே அறையில் இருந்த நான் ஒரு நாளாவது அந்த ஒரு ஆளாக இருந்தேனா?

காபி ஜாடியில் தொடங்கிய கதை

இந்த லைவ் சமாசாரம் இன்று நேற்று வந்ததல்ல. 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், மாடி இறங்கி வந்து பார்த்தால் காபி ஜாடி காலி என்ற தொல்லை இருந்தது. ஜாடிக்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, 128×128 புள்ளிகள் கொண்ட கருப்பு-வெள்ளைப் படத்தை ஆய்வகத்துக் கம்ப்யூட்டர்களில் தெரியச் செய்தார்கள். 1993 நவம்பரில் அது இன்டர்நெட்டுக்கு வந்தது. வெறும் காபி ஜாடியை உலகமே எட்டிப் பார்த்தது! 2001 ஆகஸ்ட் 22இல்தான் அந்தக் கேமராவை நிறுத்தினார்கள்.

1996இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜெனிஃபர் ரிங்லி என்ற கல்லூரி மாணவி தன் விடுதி அறையில் கேமரா வைத்து 'ஜென்னிகேம்' தொடங்கினார். 2003 இறுதி வரை அது நடந்தது. 2007 மார்ச்சில் ஜஸ்டின் கான் என்ற இளைஞர் தொப்பியில் கேமராவைப் பொருத்திக்கொண்டு, தன் அன்றாட வாழ்க்கையை 24 மணி நேரமும் ஒளிபரப்பினார். அந்த 'ஜஸ்டின் டிவி' அதே வருடம் மற்றவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதில் விளையாட்டுப் பகுதி மட்டும் வேகமாக வளர்ந்ததால், 2011 ஜூனில் 'ட்விட்ச்' என்று தனியாகப் பிரிந்தது. 2014இல் அமேசான் அதைச் சுமார் 97 கோடி டாலருக்கு வாங்கியது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆரம்பத்தில் லைவ் என்பதே அபூர்வம். ஜாடியை வைத்தாலும் ஆள் வந்தார்கள். இன்றோ செல்போன் வைத்திருக்கும் எவரும் லைவ் போடலாம். கடைகள் பெருகிவிட்டன. ஆனால் வாடிக்கையாளருக்கு இருப்பது அதே இரண்டு கண்ணும் 24 மணி நேரமும்தானே!

கூட்டம் கூட்டத்தைத்தான் சேர்க்கும்

"நல்லா இருந்தா தானா ஆள் வருவாங்க" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் உண்மை. ட்விட்சில் ஒரு விளையாட்டின் பக்கத்தைத் திறந்தால், யாருக்கு அதிகக் கூட்டமோ அவரே மேலே நிற்பது வெகு காலம் வழக்கமாக இருந்தது. பத்தாயிரம் பேர் பார்ப்பது முதல் வரியில். மூன்று பேர் பார்ப்பது நூறாவது வரியில். நூறாவது வரி வரைக்கும் விரலைத் தேய்ப்பவர் யார்? மேலே இருப்பதால் ஆள் வருகிறது. ஆள் வருவதால் மேலே இருக்கிறது. பணம் பணத்தோடு சேரும் என்பார்களே, அதே கதைதான்.

இதை ஒரு பரிசோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூவர், யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை இன்டர்நெட்டில் வைத்தார்கள். 14,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்குப் பாடல், இசைக்குழு ஆகியவற்றின் பெயர்கள் மட்டும் தெரியும். மற்றவர்கள் 8 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு உலகத்துக்காரருக்கும், தன் உலகத்தில் ஒரு பாடலை எத்தனை பேர் டவுன்லோட் செய்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும் தெரியும். 2006இல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவு என்ன தெரியுமா? எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் மேலே இருந்த பாடலுக்கும் கீழே இருந்த பாடலுக்கும் இடைவெளி மிக அதிகமாகிவிட்டது. அதைவிட வேடிக்கை, ஜெயித்த பாடல்கள் உலகத்துக்கு உலகம் மாறின. எண்ணிக்கை தெரியாதவர்களிடம் 26ஆம் இடம் பெற்ற ஒரு பாடல், ஒரு உலகத்தில் முதல் இடம். இன்னொன்றில் 40ஆம் இடம்!

மிக நல்ல பாடல் பெரும்பாலும் அடியில் விழவில்லை. மிக மோசமானது பெரும்பாலும் மேலே ஏறவில்லை. அது உண்மை. ஆனால் நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்தை நிர்ணயித்தது பெரும்பாலும் முதலில் வந்த சிலர்தான். ஆகவே '0 வியூவர்ஸ்' என்பது தரத்துக்குப் போட்ட மார்க் அல்ல. இன்னும் யாரும் பேப்பர் திருத்தவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

பதில் ஏன் தாமதமாக வருகிறது?

அந்த மெக்கானிக் அண்ணன் உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் கர்வம் இல்லை, தொழில்நுட்பம். இது நம் பாடம்தான், சுருக்கமாகச் சொல்கிறேன்.

லைவ் போடுபவரின் போனோ கம்ப்யூட்டரோ, படத்தையும் ஒலியையும் சுருக்கி (பெரும்பாலும் எச்.264 முறையில்) சர்வருக்கு அனுப்புகிறது. கம்ப்யூட்டரில் இதற்கு அதிகம் பயன்படுவது 'ஓ.பி.எஸ். ஸ்டுடியோ' என்ற இலவச மென்பொருள். அனுப்பும் வழிக்கு ஆர்.டி.எம்.பி. என்று பெயர். சர்வர் அதைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி வைக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறை இப்படிப்பட்டது. நம் போன் அந்தத் துண்டுகளில் இரண்டு மூன்றைச் சேமித்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். துண்டு 6 விநாடி, மூன்று துண்டு என்றால் 18 விநாடி அங்கேயே போச்சு! தாமதத்தைக் குறைக்கும் வசதிகள் இப்போது இருந்தாலும், சில விநாடியாவது ஆகும். நீங்கள் "வணக்கம்" போட்டு அஞ்சு விநாடியில் ஓடிப்போனால், அவர் "வாங்க" என்று சொல்லும்போது அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். வாசலில் மணி அடித்துவிட்டு ஓடுகிற பையன் கதைதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ட்விட்சில் பெரிய சேனல்களின் படத்தைப் பல தரங்களில் மாற்றித் தருவார்கள்; மெதுவான இணைப்பில் இருப்பவர் குறைந்த தரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சின்ன சேனல்களுக்கு, சர்வரில் இடம் இருந்தால்தான் இந்த வசதி. இல்லையென்றால் அவர் அனுப்புவதை அப்படியே பார்க்க வேண்டியதுதான். விநாடிக்கு 2500 கிலோபிட் என்று வையுங்கள். 2500 × 3600 ÷ 8 போட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.1 ஜி.பி. தினம் ஒன்றரை ஜி.பி. பேக் போட்டவன் கதி? அதனால், "க்ளாரிட்டி இல்ல, நிக்குது, மொக்கை" என்று முடிவு கட்டுமுன் குறை யார் பக்கம் என்று யோசியுங்கள்.

தேடுவது எப்படி?

முன்பு இது சுலபமாக இருந்தது. 2015இல் ட்விட்டர் வெளியிட்ட 'பெரிஸ்கோப்' செயலியில் உலக வரைபடம் ஒன்று இருந்தது. ஒரு புள்ளியைத் தொட்டால், அந்த ஊரில் யாரோ ஒருவர் லைவில் பேசிக்கொண்டிருப்பார். 2021 மார்ச்சோடு பெரிஸ்கோப் மூடப்பட்டது. இப்போது நாமே கொஞ்சம் மெனக்கெட வேண்டும். நான் பயன்படுத்தும் வழிகள் இவை:

1. பட்டியலைத் தலைகீழாக்குங்கள். ட்விட்சில் ஒவ்வொரு பிரிவின் பக்கத்திலும் வரிசை முறையை மாற்றலாம். 'குறைவிலிருந்து அதிகம்' என்று வைத்தால் கடைசி வரிக்காரர் முதலில் வருவார். ஒரு எச்சரிக்கை: அடிமட்டத்தில் ஆளில்லாமல் ஓடும் வெற்றுத் திரைகளும் நிறைய வரும். சற்றுத் தள்ளி 2, 3, 5 பேர் பார்க்கும் இடங்களில்தான் சரக்கு இருக்கிறது.

2. குறுகிய சந்தில் நுழையுங்கள். பிரபலமான விளையாட்டுப் பக்கம் திருவிழாக் கூட்டம். அதற்குப் பதில் 'மேக்கர்ஸ் அண்ட் கிராஃப்டிங்', 'சாஃப்ட்வேர் அண்ட் கேம் டெவலப்மென்ட்' போன்ற பிரிவுகளைப் பாருங்கள். லைவ் போடுபவர் தானே எழுதிவைக்கும் டேக்குகளையும் தேடலாம்.

3. யூடியூபில் ஃபில்டரைப் பயன்படுத்துங்கள். எதையாவது தேடி, ஃபில்டரில் 'லைவ்' என்று கொடுங்கள். சொல் எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 'எலக்ட்ரானிக்ஸ்' என்றால் பெரிய சேனல்கள்தான் வரும். 'மோட்டார் வைண்டிங்', 'லேத் வேலை' என்று தமிழிலேயே போட்டுப் பாருங்கள்.

4. நேரத்தை மாற்றுங்கள். அமெரிக்காவில் நள்ளிரவு தாண்டும்போது நமக்கு முற்பகல். அங்குள்ள பெரிய கடைகள் பல மூடியிருக்கும். அப்போது சின்னக் கடைகள் கண்ணில் படும்.

5. சங்கிலியைப் பிடியுங்கள். ட்விட்சில் ஒருவர் லைவை முடிக்கும்போது, தன்னிடம் இருப்பவர்களை மொத்தமாக இன்னொருவரிடம் அனுப்பிவைக்கலாம். இதற்கு 'ரெய்டு' என்று பெயர். (போலீஸ் ரெய்டு இல்லை, பயப்பட வேண்டாம்!) சின்ன சேனல்காரர்கள் ஒருவருக்கொருவர் இப்படி உதவிக்கொள்வார்கள். ஒருவரிடம் கடைசி வரை இருந்தால் இன்னொருவர் தானாகக் கிடைப்பார்.

2021இல் 'நோபடி டாட் லைவ்' என்று ஒரு தளம் வந்தது. ட்விட்சில் ஒருவர்கூடப் பார்க்காத லைவ்களை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டுவதுதான் அதன் வேலை. நாம் பார்க்கத் தொடங்கிய நிமிடமே, அது 'யாரும் பார்க்காத லைவ்' என்ற தகுதியை இழந்துவிடும் என்பதுதான் அதிலுள்ள அழகு!

உள்ளே போன பிறகு

முதல் விதி: எண்ணிக்கையைப் பற்றிப் பேசாதீர்கள். "என்ன அண்ணா, நான் ஒருத்தன்தானா?" என்று கேட்பது, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவர் வீட்டில் "வேற யாரும் வரலையா?" என்று கேட்பது போல.

இரண்டாவது: "ஹாய்" மட்டும் போதாது. அவர் செய்யும் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். "அந்த ரெசிஸ்டரை ஏன் அங்க போட்டீங்க?" என்ற ஒரு கேள்வி, பத்து நிமிடம் பேச அவருக்கு விஷயம் கொடுக்கும். பதில் வரும்வரை அரை நிமிடம் பொறுங்கள்.

மூன்றாவது: பேச விருப்பமில்லையா, பேசாமல் பாருங்கள். தப்பே இல்லை. நம் இருப்பே ஒரு கணக்கு. 2017இல் ட்விட்ச் 'அஃபிலியேட்' திட்டத்தைத் தொடங்கியபோது, அதில் சேர 30 நாளில் 500 நிமிடம், 7 வெவ்வேறு நாட்கள் லைவ் போட்டிருக்க வேண்டும், 50 பேர் பின்தொடர வேண்டும், சராசரியாக 3 பேர் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். வெறும் 3 பேர்! நம் வகுப்பில் ஒரு பெஞ்ச். ஆனால் சராசரி என்பதைக் கவனியுங்கள். 2 மணி நேர லைவில் நீங்கள் அரை மணி இருந்தால் சராசரிக்கு நீங்கள் சேர்ப்பது 0.25. முழுக்க இருந்தால்தான் 1. இந்த 3 பேரைத் தேடித்தான் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

கொஞ்சம் ஜாக்கிரதை

சின்ன அறை என்பதால் நெருக்கம் சீக்கிரம் வந்துவிடும். அதனால் உங்கள் ஊர், போன் நம்பர் எதையும் சாட்டில் போடாதீர்கள், அவருடையதையும் கேட்காதீர்கள். லைவ் போடுபவர் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தால் இன்னும் கவனம் தேவை. சாட்டில் வரும் லிங்குகளைத் தொட வேண்டாம். நீங்களே லைவ் போடுபவர் என்றால், "இவ்வளவு ரூபாய்க்கு இத்தனை வியூவர்ஸ் தருகிறோம்" என்று ஆசை காட்டி வருபவர்களை நம்பாதீர்கள். அது மனிதர்கள் அல்ல, வெறும் புரோகிராம். விதிக்கு விரோதம் என்பதால் சேனலே பறிபோகலாம். பொய்யாக 500 பேர் இருந்தாலும், கேள்வி கேட்க அங்கே ஒரு ஆள் இருக்க மாட்டான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேடிப் போகும் எல்லாமே பொக்கிஷம் இல்லை. பத்துக்கு ஏழு எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மீதி மூன்றில் ஒருவர்தான் எங்கள் தாத்தா ரேடியோவின் நோயைச் சொன்னவர். ஆயிரம் பேர் இருக்கும் லைவில் என் கேள்வி அரை விநாடியில் மேலே ஓடி மறைந்திருக்கும்.

முடிவாக...

லீவு முடிந்து வந்ததும் அறைத்தோழனிடம் மெக்கானிக் அண்ணன் கதையைச் சொன்னேன். அந்தப் பாடல் பரிசோதனையையும் சொன்னேன். கடைசியாக, "நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா" என்றேன். "விடுடா, ஜோக்குதானே" என்றான். "மறுபடி போடுடா, நான் பாக்குறேன்" என்றதற்கு, "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னான். இதை எழுதும் இன்று வரை ஸ்டூல் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. ஒருவனை நிறுத்த ஒரு கேலி போதும், திரும்ப ஆரம்பிக்க வைக்க அத்தனை சுலபமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நண்பர்களே, நாளைக்கு டிப்ளமோ முடித்து வெளியே போனால் நாமும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்போ, சர்வீஸ் சென்டரோ திறந்து முதல் ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறவர்கள்தான். அந்த முதல் ஆளின் அருமை நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? ராத்திரி தூங்கப் போகுமுன் கூட்டத்தோடு கோவிந்தா போடுவதை வாரத்தில் ஒரு நாள் நிறுத்திவிட்டு, பட்டியலின் அடியில் ஒரு கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை இருங்கள்.

உங்கள் பக்கத்து அறையில் யாராவது ஸ்டூல் மேல் செல்போனை வைத்துப் பேசிக்கொண்டிருந்தால், முதலில் அங்கே போங்கள்.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை